வீடு இருந்தால் வதிவு, வதிவு இருந்தால் வீடு

இன்று காலை, வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் மாக்கர் பேனை ஒன்றின் மூடியைத் திறந்தாள். மூக்கில் சுள்ளென்று ஏறும் அந்த மணம் அறை முழுக்கப் பரவியது. நான் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு யன்னல் பக்கம் திரும்பினேன். நீ அங்கே நிற்கமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கழுத்து திரும்பிவிட்டது.

நாங்கள் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது இந்த மாடி அறையில் எழுதும் பலகை கிடையாது. பலாலி வீதியைப் பார்த்த யன்னல் கண்ணாடியில்தான் நீ எழுதினாய். கட்டங்கள், ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடும் அம்புக்குறிகள், சில இடங்களில் சிவப்பில் ஒரு பெருக்கல் அடையாளம். கீழே பஸ்ஸுக்கு நிற்கும் கம்பஸ் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். ஒருநாள் ஒருவன் கத்திக் கேட்டான்: "அக்கா, உது என்ன கோலமோ?" நீ யன்னலைத் திறந்து, "கோலமில்லை தம்பி, கோளாறு!" என்றாய். தரிப்பிடம் முழுக்கச் சிரித்தது. அப்படிச் சட்டென்று ஊரோடு ஒட்டிக்கொள்வாய். இந்த ஊருக்கு நீ வந்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன.

கம்பஸில் முதல் நாள் நான் உன்னிடம் கேட்டது நினைவிருக்கிறது. "நீர் எந்த ஊர்?" என்றேன். "யாழ்ப்பாணம்" என்றாய். யாழ்ப்பாணத்தில் எந்த இடம் என்று கேட்டால், சோனகதெருப் பக்கம் என்றாய். ஆனால் பஸ் எந்தப் பக்கத்தால் போகும் என்றுகூட உனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் விழித்ததைப் பார்த்து நீதான் விளக்கினாய்: "நான் பிறக்க முந்தியே எங்கடை ஆக்கள் விட்டிட்டுப் போன ஊர்." உன் வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறில், யுத்த நாட்களில், மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு சேர்த்து வெளியேற்றப்பட்டவர்கள். கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள். நீ புத்தளத்தில், கிடுகுக் கொட்டில் ஒன்றில் பிறந்தவள். நான் குருநகரில், கடலுக்குப் போகும் வீட்டில் பிறந்தவள். எனக்கு அந்த வெளியேற்றம் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைக்கும் ஒரு விஷயமாக மட்டும் இருந்தது. உன்னைக் கண்ட பிறகுதான் அதற்கு ஒரு முகம் வந்தது.

மூன்றாம் வருடத்தில் தருக்க நிரலாக்கம் படிப்பித்தார்கள். எங்களில் பலருக்கு அது தலையிடி. மற்ற நிரல்களில் கணினிக்கு இதைச் செய், பிறகு அதைச் செய் என்று சொல்லலாம். இதில் அப்படி ஒன்றும் சொல்வதில்லை. எது உண்மை, எந்த விதிப்படி எதிலிருந்து எது வரும் என்று மட்டும் எழுதிக் கொடுக்கவேண்டும். விடையை அது தானே தேடும். நான் பாஸ் பண்ணினால் போதும் என்று படித்தேன். நீ அதிலேயே ஊறிப்போனாய். "காரணம் இல்லாமல் உது ஒண்டும் சொல்லாது. மனிசரிலை அப்பிடி ஆர் இருக்கினம்?" என்பாய்.

அதனால்தான் இந்த வேலை வந்தபோது நீ துள்ளினாய். திரும்பி வந்து குடியேறுகிறவர்களுக்கு வீடு கட்ட உதவும் திட்டம் ஒன்று. யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்பதற்கு ஏகப்பட்ட விதிகள். பத்தாததற்குத் திருத்தங்கள், திருத்தத்துக்குத் திருத்தங்கள். ஒரு அலுவலர் ஓம் என்றதை இன்னொருவர் இல்லை என்பார். எல்லாவற்றையும் ஒரே நிரலாக எழுதி, குடும்பத்தின் விபரங்களைக் கொடுத்தால் விடை வரும்படி செய்து தரச் சொன்னார்கள். நாங்கள் இரண்டு பேரும் விதி விதியாக எழுதினோம்.

நிரல் ஓடத் தொடங்கியதும் சனம் மாடிப்படியேறி வந்தது. "தகுதி இல்லை எண்டு வந்திருக்காம். ஏன் பிள்ளை?" கேட்டவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. விதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. விடை எங்கே தட்டுப்பட்டு நின்றது என்று எழுதிய எங்களுக்கே தெரியவில்லை. நீ அன்று சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே இருந்தாய். "இல்லை எண்டு சொல்லுறதுக்கு உரிமை இருக்கெண்டா, ஏன் எண்டு சொல்லுற கடமையும் இருக்கு" என்றாய். அடுத்த சில மாதங்கள் நீ அந்தக் கருவியைக் கட்டினாய். வராத விடையிலிருந்து பின்னோக்கிப் போய், எந்த விதி எங்கே பிடிக்கவில்லை, என்ன விபரம் இல்லாததால் பிடிக்கவில்லை என்று தமிழில் எழுதிக் காட்டும் கருவி.

அதைக் கட்டும்போதுதான் நமக்குள் அந்த நீண்ட வாக்குவாதம் நடந்தது. எங்கள் நிரலுக்கு, தெரியாதது எல்லாம் பொய். ஒருவரிடம் காணி இருக்கிறது என்று விபரம் இல்லையென்றால், அவருக்குக் காணி இல்லை என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், வேலை சுகம் என்றேன். "இல்லை எண்டது வேறை, தெரியாது எண்டது வேறை" என்றாய். "வாப்பாட்டை ஆரும் கேக்கேல்லை எண்டதுக்காக, வாப்பாவுக்கு ஒண்டும் இல்லை எண்டு ஆகுமோ?" நீ அவ்வளவு சத்தமாகக் கதைத்து நான் அதுவரை கேட்டதில்லை. பிறகு இரண்டு வகை இல்லைகளையும் தனித்தனியாகப் பிரித்து எழுதினோம். நிரல் இரண்டு மடங்கு நீண்டது.

கருவி முடிந்ததும் பரீட்சித்துப் பார்க்க ஒரு குடும்பம் வேண்டியிருந்தது. நீ உன் வாப்பாவின் விபரங்களைப் போட்டாய்.

வாப்பா அப்போது உன்னோடு வந்து, உங்கள் பழைய வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். உம்மா புத்தளத்திலேயே காலமாகி, அங்கேயே அடக்கம். வாப்பா முன்பு நகரத்தில் தையற்கடை வைத்திருந்தவர். இப்போது அறைக்குள் மெஷினை வைத்து, தெரிந்தவர்களுக்குத் தைத்துக் கொடுப்பார். பழைய வீட்டுக்கு நீ என்னைக் கூட்டிப்போயிருக்கிறாய். கூரை இல்லை. நடு அறையில் ஆலங்கன்று ஒன்று மரமாகிச் சுவரைப் பிளந்து நின்றது. காணி உங்களுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கட்டத்தான் வழியில்லை.

நிரல் "தகுதி இல்லை" என்றது. உன் கருவி காரணத்தை எழுதியது. வீட்டு உதவி கிடைக்க, அந்தக் கிராம அலுவலர் பிரிவில் நிரந்தர வதிவு, அதாவது அங்கே குடியிருப்பவர் என்ற பதிவு, இருக்கவேண்டும். நிரந்தர வதிவு கிடைக்க, அந்தப் பிரிவில் சொந்த வீட்டில் வசிக்கவேண்டும். சொந்த வீட்டில் வசிக்க, வீடு இருக்கவேண்டும். வீடு கட்ட, உதவி கிடைக்கவேண்டும். அவ்வளவுதான். சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நின்றது.

நீ அதை யன்னலில் வரைந்தாய். அம்புக்குறிகள் வட்டமாக ஓடின. வெளியிலிருந்து உள்ளே வரும் அம்பு ஒன்றுகூட இருக்கவில்லை.  மாக்கரை மூடிக்கொண்டு சொன்னாய்: "எழுதினது நாங்கள்தானே. ஒவ்வொரு விதியையும் நானே ரைப் பண்ணினனான். தனித்தனியப் பாக்க எல்லாம் நியாயமாத்தான் கிடந்தது."

என் மனதில் அந்த வாக்கியம் இன்னும் கிடக்கிறது. ஒரு சுவரை ஒவ்வொரு கல்லாக நாமே கட்டிவிட்டு, உள்ளே நிற்பது நாம்தான் என்று பிறகு தெரிவது.

உன் வாப்பாவின் கதை மட்டும்தானா, எல்லாருக்கும் இப்படியா என்று தெரியவேண்டும் என்றாய். அதற்கு நீ செய்த வேலையை நான் இன்றும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் காட்டுகிறேன். கேள்வியைத் திருப்பிப் போட்டாய். உண்மையான குடும்பங்களின் விபரங்களைக் கொடுத்து விடை கேட்பதற்குப் பதிலாக, கற்பனையாகவாவது ஒரு குடும்பத்தை உண்டாக்கிக் காட்டு என்று நிரலிடம் கேட்டாய். ஊரை விட்டுப் போய், வேறு மாவட்டத்தில் பதிவாகி, வீடும் இடிந்த குடும்பம். மற்ற விபரமெல்லாம் எப்படியும் இருக்கலாம். அப்படி ஒன்றுக்காவது "தகுதி உண்டு" என்று வரட்டும். கணினி தேடியது. நாங்கள் கீழே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம். திரையில் ஒரே வரி இருந்தது: அப்படி ஒன்று இல்லை. கற்பனையில்கூட இல்லை.

நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "மீற்றிங் எப்ப?" என்று கேட்டாய்.

கூட்டத்தில் எங்கள் ஒருங்கிணைப்பாளரும் சில அலுவலர்களும் இருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் நல்ல மனிதர்தான். யாருடைய மனமும் நோகாமல் நாள் போகவேண்டும் என்று நினைக்கிறவர். நீ எழுந்து நின்றாய். சூத்திரம் ஒன்றும் காட்டவில்லை. "சேர், ரெண்டு பேரை ஒரு கலியாண வீட்டுக்குக் கூப்பிடுறியள். அவர் வந்தா நான் வாறன் எண்டு இவர் சொல்லுறார். இவர் வந்தா நான் வாறன் எண்டு அவர் சொல்லுறார். ரெண்டு பேரும் வீட்டிலையே இருப்பினம். கலியாணம் முடிஞ்சிடும்." எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், இந்தக் குடும்பங்கள் எந்த விபரத்தைக் கொண்டுவந்தாலும் இந்த விதிகளுக்குள் ஒருபோதும் விடை வராது, அதைத் தேடிப் பார்த்து உறுதிசெய்துவிட்டோம் என்றாய். 

"விதியை எழுதினது நாங்கள் இல்லையே பிள்ளை" என்றார் ஒருவர். "மேலை அனுப்பிப் பாப்பம்" என்றார் இன்னொருவர்.

வெளியே வந்ததும் ஒருங்கிணைப்பாளர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "உங்கடை வாப்பாவின்ரையை நாங்கள் விசேடமா எடுத்துச் செய்யலாம். அதிலை பிரச்சினை இல்லை. மற்றதைக் கொஞ்சம் ஆறுதலாப் பாப்பம், என்ன?" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவருக்குத் திறக்கத் தெரிந்த ஒரே கதவு அதுதான்.

நீ உடனே மறுக்கவில்லை. அதை நான் எழுதவேண்டும். உன்னைப் பெரிய மனுசியாக்கிக் கதைக்கிறவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீ என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாய். அறைக்குப் போய், மெஷினில் குனிந்திருந்த வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாய். அவருக்கு ஒரு வீடு கிடைத்திருக்கும். மழைக்கு ஒழுகாத கூரை. உம்மாவோடு வாழ்ந்த அதே நிலத்தில். நீ அவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க வாப்பா. நான் ஓம் எண்டு சொல்லுறன்" என்றாய்.

அவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "ஒழுங்கையிலை எத்தினை வீடு கிடந்தது தெரியுமோ?" என்றார். "எல்லாம் பத்தையாக் கிடக்க, நடுவிலை நான் மட்டும் ஒரு வீட்டைக் கட்டிப்போட்டு, பின்னேரத்திலை ஆரோடை கதைக்கிறது, மகள்?"

அது தியாகம் இல்லை. அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வேண்டியிருந்தது. நீ அடுத்த நாள் போய், வேண்டாம் சேர் என்றாய்.

மேலேயிருந்து திருத்தம் வந்தது. வரும் என்று நாங்கள் நினைத்திருக்கவேயில்லை. அந்தக் குடும்பத்தை முன்பு அறிந்த நகரவாசி ஒருவர் உறுதிப்படுத்தினால், அதையே வதிவாக எடுத்துக்கொள்ளலாம். நீ யன்னலுக்கு ஓடி, வட்டத்துக்கு வெளியிலிருந்து உள்ளே ஓர் அம்பு போட்டாய். என் கையைப் பிடித்து இழுத்து, "உங்கடை அப்பா! உங்கடை அப்பா சொல்லுவாரடி!" என்றாய். என் அப்பா தன் கலியாணச் சேர்ட்டை உன் வாப்பாவிடம் தைப்பித்தவர். இரண்டு பேரும் சந்தித்தால் அந்தச் சேர்ட்டின் கழுத்துப்பட்டி பற்றியே கதைப்பார்கள். அன்று பின்னேரமே அப்பாவிடம் போனோம். அவர் வலையை ஒதுக்கிவிட்டு, "எங்கை வரவேணும்? இப்பவே வாறன்" என்று எழும்பினார்.

திருத்தத்தின் இரண்டாம் பந்தியை அடுத்த நாள்தான் வாசித்தோம். உறுதிப்படுத்துகிறவர் நகரத்தில் இடைவிடாமல் வசித்தவராக இருக்கவேண்டும்.

அப்பாவுக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கேட்டேன்: "அப்பா, தொண்ணூற்றைஞ்சு பெரிய இடப்பெயர்விலை நீங்கள் ஊரை விட்டுப் போனனீங்களோ?"

"போகாமல்? நகரமே வெறுமையாக் கிடந்தது. எங்கடை பங்குச் சுவாமியே முன்னுக்கு நடந்து போனவர். கொடிகாமத்திலை ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளை மாதக்கணக்காக் கிடந்தனாங்கள். ஏன் கேக்கிறாய்?"

நீ அந்த விதியையும் எழுதினாய். பிறகு உன் வழக்கப்படி கேள்வியைத் திருப்பிப் போட்டாய்: அப்படி ஒரு சாட்சியையாவது காட்டு. எங்களிடம் விபரம் இருந்த அத்தனை பேரிலும் ஒருவர்கூட வரவில்லை. நீ கதிரையில் சாய்ந்துகொண்டு சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. "பாத்தியோ, இப்ப நீங்களும் எங்களோடை உள்ளுக்கை வந்திட்டியள்" என்றாய். சண்டையாகச் சொல்லவில்லை. இடம் ஒதுக்கித் தருவதுபோலத்தான் சொன்னாய்.

அந்த மாரிக்கு நகரம் முழுக்க டெங்கு. உனக்குக் காய்ச்சல் என்று வாப்பா போன் பண்ணினார். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தேன். சேலைன் ஏறிக்கொண்டிருக்க, சாட்சி விதிக்கு எதிராக என்ன எழுதலாம் என்று என்னிடம் கதைத்தாய். அடுத்த முறை வந்தபோது கதைக்கவில்லை. அதற்கடுத்த முறை என்று ஒன்று இருக்கவில்லை.

புத்தளத்திலிருந்து உன் மாமாமார் போனில் கேட்டார்கள், உம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யலாமா என்று. வாப்பா இல்லை என்றார். நகரத்துப் பள்ளிவாசலில் போய்ச் சொன்னார். அங்கே ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வதிவு கேட்கவில்லை, சாட்சி கேட்கவில்லை. குழி தோண்ட ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். என் அப்பாவும் போய் மண் போட்டுவிட்டு வந்தார். நான் மற்றப் பெண்களோடு அறையில் இருந்தேன். உன் சால்வை ஒன்று மெஷின் மேல் கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

சில நாள் போனதும் நான் வாப்பாவிடம் கேட்டேன், புத்தளத்துக்குப் போய் உறவுக்காரரோடு இருக்கலாமே என்று. அவர் இல்லை என்று தலையாட்டினார். "உம்மா அங்கை. இவ இஞ்சை. நான் எந்தப் பக்கம் போனாலும் ஒருத்தி தனிய" என்றார். அந்த வாடகை அறையிலேயே இருக்கிறார். பழைய வீட்டு ஆலமரம் இப்போது ஒழுங்கைக்கு மேலாகக் கிளை விட்டிருக்கிறது.

நானும் இந்த மாடியிலேயே இருக்கிறேன். கொழும்பில் ஒரு வேலை கிடைத்தது. ஓம் என்று பதில் எழுதினேன், அனுப்பவில்லை. உன் கருவியை நிற்பாட்டிவிடலாம் என்று இங்கே கதை அடிபடுகிறது. காரணம் சொன்னால் சனம் கேள்வி கேட்கிறதாம், ஓம் அல்லது இல்லை என்று மட்டும் வந்தால் பிரச்சினை இல்லையாம். அதை எப்படி ஓட்டுவது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் படியிறங்கினால் அன்றே நிற்பாட்டிவிடுவார்கள். நான் இருந்தாலும், அது சொல்லும் காரணங்களால் யாருக்கும் ஒரு கல்கூட எழும்பப்போவதில்லை. போகவும் முடியவில்லை, இருப்பதிலும் அர்த்தம் தெரியவில்லை. சில நாட்களில் யன்னலோரம் நின்று பலாலி பஸ் போவதை எண்ணிக்கொண்டிருப்பேன். நீ இருந்தால் திட்டியிருப்பாய்.

போன கிழமை இன்னொரு திருத்தம் வந்தது. விதியை மாற்றிவிட்டு, வழமைபோல முதலில் வாப்பாவின் விபரங்களைப் போட்டேன். "தகுதி உண்டு" என்று வரவில்லை. விஷயம் கேள்விப்பட்டு வாப்பா மெதுவாகப் படியேறி வந்தார். மூச்சு வாங்கக் கதிரையில் இருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வாப்பா, இந்த முறையும்..." என்றேன்.

"அது கிடக்கட்டும் மகள். அது என்ன சொல்லுதெண்டு வாசி."

நான் திரையைப் பார்த்து வாசித்தேன். எந்த விதி, எந்த விபரம், எங்கே தட்டுப்பட்டது என்று வரிசையாக. முடிவில், ஒவ்வொருவருக்கும் வரும் அந்த வசனங்கள் வந்தன: "நீங்கள் இந்த ஊரவர் இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. நீங்கள் இந்த ஊரவர் என்று சொல்வதற்கு இந்த விதிகளுக்கு வழி தெரியவில்லை. தெரியாதது விதிகளுக்குத்தான், உங்களுக்கு அல்ல."

வாப்பா கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தின் நுனியால் துடைத்தார்.

"இது அவ எழுதினதுதானே?"

"ஓம் வாப்பா."

"அவ கதைக்கிற மாதிரியே கிடக்கு" என்றார். கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார். "இன்னொருக்கா வாசி மகள்."

வாசித்தேன். இந்த முறை திரையைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.